ஆடுகள் நட்ட குடைவேலங்காடு

வறண்ட நாட்டில் ஒரு கண்மாய் இருந்தது. கண்மாயைச் சுற்றிக் குடைவேல மரங்கள் நின்றன. ஒவ்வொரு மரமும் ஒரு பச்சைக் குடை. ஒவ்வொரு குடையின் கீழும் பத்து வெள்ளாடுகள் படுத்து அசைபோடும். நெற்று உதிர்ந்தால் எழுந்து தின்னும். தாகம் எடுத்தால் நாலு எட்டில் தண்ணீர்.

அந்தப் பக்கம் ஒரு நரியும் இருந்தது. ஆட்டுக்குட்டி என்றால் அதற்கு உயிர். ஆனால் என்ன செய்ய? குடைவேலத்தின் அடியில் ஒளிந்துகொள்ள ஒரு மறைவு கிடையாது. தலையை நீட்டியதுமே ஏதாவது ஓர் ஆடு பார்த்துக் கத்திவிடும். குட்டிகள் சிட்டாகப் பறந்துவிடும்.

நரி மூன்று நாள் பட்டினி கிடந்து யோசித்தது. நாலாம் நாள் வாய் நிறைய மஞ்சள் நெற்றுகளைக் கவ்விக்கொண்டு வந்து கரையில் போட்டது.

"எங்கடா வந்தே?" என்று சீறினார் தாடியார். அவர்தான் மந்தையின் மூத்த கிடாய்.

"கோவிச்சுக்காதீங்க மாமா! உங்களுக்கு ஒரு பலகாரம் கொண்டாந்தேன். சீமைக்கருவேல நெற்று! கடல் தாண்டி வந்த சரக்கு. ரோட்டோரம் காய்ச்சுக் கொட்டுது. எத்தனை நாளைக்குத்தான் இந்தக் குடைவேலத்துத் துவர்ப்பையே மென்னுக்கிட்டு இருப்பீங்க?"

தாடியார் முகர்ந்து பார்த்தார். ஒன்றைக் கடித்தார். அவருடைய தாடி மேலும் கீழும் ஆடியது.

"அடி ஆத்தி! வெல்லம்டா இது!"

"சும்மாவா சொன்னேன்?"

"சரி, இதுக்குக் கைம்மாறா உனக்கு என்ன வேணும்?"

"எனக்கா? ஒண்ணும் வேண்டாம் மாமா. நீங்க சாப்பிட்டாலே என் வயிறு நிறைஞ்சிரும்!"

நரி சொன்னதில் பொய்யே இல்லை. அதுதான் அந்தப் பேச்சின் சூது.

அன்று முதல் மந்தை விடிந்ததும் ரோட்டோரம் போனது. வயிறு முட்டத் தின்றது. பொழுது சாய்ந்ததும் கரைக்குத் திரும்பி வந்து படுத்தது. படுத்த இடத்தில் புழுக்கை போட்டது. மறுநாளும் அப்படியே. மழை பெய்தது. கரையில் புதிதாய்ச் செடிகள் முளைத்தன.

"பாருங்க மாமா, உங்க அதிர்ஷ்டத்தை! மரமே உங்களைத் தேடி வந்திருச்சு!" என்றது நரி.

ஆடுகள் கொண்டாடின. குடைவேலக் கன்று முளைத்தால் கொறித்துவிடும் ஆடுகள், சீமைக்கருவேலக் கன்றைத் தொடவில்லை. அதன் நெற்று இனிப்பு. இலையோ கசப்பு. நாலு மழைக்காலத்தில் கண்மாயைச் சுற்றி முள்காடு எழும்பியது. இடம் இல்லாமல் குடைவேலங்கள் கிழடுதட்டி ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. எதிர்க்கரையில் ஏழெட்டு மரங்கள்தான் மிச்சம். தேனீக்கள் போயின. தூக்கணாங்குருவிகள் போயின.

தண்ணீருக்குப் போக ஒரே ஒரு சந்து மட்டும் இருந்தது. இரண்டு பக்கமும் முள். ஓர் ஆடு போனால் இன்னோர் ஆடு திரும்ப முடியாது.

அந்தச் சந்தின் வாயில் நரி குடியேறியது.

செவலை என்று ஒரு பெண்ணாடு. அந்தக் கோடையில் அவளுக்கு இரண்டு குட்டிகள் இருந்தன. ஒரு மத்தியானம் மூன்று பேரும் தண்ணீர் குடிக்கப் போனார்கள். இரண்டு பேர்தான் திரும்பி வந்தார்கள். மிஞ்சிய பெட்டைக்குட்டியின் பெயர் பொட்டு. அது அம்மாவின் காலோடு ஒட்டிக்கொண்டது.

அன்று சாயங்காலம் மந்தை கூடியது.

"இந்தக் கண்மாய் நமக்கு ஆகாது. வேற ஊர் பார்ப்போம்" என்றார் தாடியார்.

"எங்கே போறது, பெரியவரே? பத்துக் கல் நடந்தாத்தான் அடுத்த தண்ணி. பொட்டு அத்தனை தூரம் தாங்காது. இங்கே இருந்தா நரி. வெளியே போனா தாகம். என் பிள்ளைக்கு ரெண்டு வாய் தண்ணிக்கு வழி சொல்லுங்க!" என்றாள் செவலை.

அப்போது தரையில் இருந்து ஒரு குரல் வந்தது.

"நான் சொல்லட்டுமா?"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். சாணி உருட்டும் வண்டு! தன்னைவிடப் பெரிய உருண்டையின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது.

"நீ சொல்ல என்ன இருக்கு? தள்ளிப் போ, நாத்தம்!" என்று மூக்கைச் சுளித்தார் தாடியார்.

"நாத்தம் யாருதுன்னு யோசிச்சுப் பேசுங்க பெரியவரே! நீங்க போட்டது. நான் உருட்டினது."

இளசுகள் குபீரென்று சிரித்தன. செவலை மட்டும் சிரிக்கவில்லை. முன்னங்காலை மடக்கிக் கீழே உட்கார்ந்தாள். "நீ சொல்லுப்பா" என்றாள்.

வண்டு உருண்டையை உடைத்தது. உள்ளே பளபளவென்று பழுப்பு நிறத்தில் மூன்று விதைகள் இருந்தன.

"இது என்னன்னு தெரியுதா ஆத்தா? சீமைக்கருவேல விதை. நெற்றைத் தின்னீங்க. விதை உங்க வயித்தில் ஊறி, மேல்தோல் இளகி, புழுக்கையில வந்து விழுந்துச்சு. எருவும் அதுவே, விதையும் அதுவே! நரி ஒரு செடிகூட நடலை. இந்தக் காட்டை நட்டது நீங்க!"

ஆடுகள் ஒவ்வொன்றாக வந்து அந்த விதைகளை முகர்ந்து பார்த்தன.

"தெரிஞ்சும் ஏன் இத்தனை நாள் சொல்லலை?" என்று கேட்டாள் செவலை.

வண்டு தலையைத் தாழ்த்திக்கொண்டது. "எனக்கும் அதில் பங்கு இருக்கு, ஆத்தா. உருட்டினது நான். மண்ணில் புதைச்சது நான். என் சாப்பாடு எனக்குக் கிடைச்சது, பேசாம இருந்துட்டேன். இன்னைக்கு உங்க குட்டியோட சத்தம் கேட்டது. அதுக்கு மேல உருட்ட முடியலை."

செவலை ஒரு விதையை மூக்கால் புரட்டிப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"என் வயித்தால ஒரு முள்காட்டை நட முடியும்னா, குடைவேலங்காட்டையும் நட முடியும்! எதிர்க்கரையில் மிச்சம் இருக்கிற மரத்து நெற்றைத் தின்னுவோம். வெள்வேலம், இலந்தை, கிடைச்சது எல்லாம் தின்னுவோம். முள்ளு ஏறாத வெறுங்கரையில் கிடை போடுவோம். தினம் ஓர் இடம். படுத்து எழுந்து நகர்ந்துக்கிட்டே இருப்போம். வண்டுத் தம்பி, நீ புதைக்கிறியா?"

"என் சொந்தக்காரங்க முந்நூறு பேரைக் கூட்டியாறேன்!"

"அப்போ இந்த இனிப்பு?" என்று இழுத்தார் தாடியார்.

"ஒரு நெற்றுகூடக் கிடையாது, பெரியவரே. தின்னா திரும்ப முளைக்கும்."

தாடியாரின் தாடி தொங்கிப்போனது.

முளைத்து நிற்கும் முள்ளை என்ன செய்வது? மறுநாள் செவலை காட்டுப்பன்றி மூக்கனிடம் போனாள். மூக்கன் கோபமாக இருந்தான்.

"வாங்க, வாங்க! உங்களாலதான் நான் சேத்தில் புரண்டு ரெண்டு வருசம் ஆச்சு! நான் மழையில பத்துச் செடியைத் தோண்டினா நீங்க நூறு விதையைப் போடறீங்க. அப்புறம் எதுக்கு என் மூக்கு தேயணும்னு விட்டுட்டேன்!"

"இனிமே போட மாட்டோம் மச்சான்."

"ஆட்டுப் பேச்சா?"

"பிள்ளையைப் பறிகொடுத்தவ பேச்சு."

மூக்கன் உறுமுவதை நிறுத்தினான். காலால் மண்ணைக் கீறினான். "மண்ணு நனையட்டும். என் கூட்டத்தோட வந்து வேரோட பிடுங்குறேன். அதுவரைக்கும் உங்க குட்டிங்க தண்ணிக்குப் போறப்போ அந்தச் சந்தில் நான் நிக்கிறேன். நரி வரட்டும், பார்க்கலாம்!"

அன்று மத்தியானமே பொட்டு வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது. சந்தின் வாயில் மூக்கனின் இரண்டு கோரைப்பற்கள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. நரி எட்டிப் பார்த்துவிட்டு எச்சிலை விழுங்கிக்கொண்டு போனது.

கோடை முழுக்க ஆடுகள் எதிர்க்கரைக்கு நடந்தன. அங்கே கிடைத்தது அரை வயிற்றுக்குத்தான். மஞ்சள் நெற்றுகள் காலடியில் குவிந்து கிடந்தன. ஆடுகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போயின. விலா எலும்பு தெரிந்தது. ஆனாலும் தினம் ஓர் இடத்தில் கிடை போட்டன. வண்டுகள் உருட்டின, புதைத்தன, உருட்டின.

ஐப்பசியில் மழை கொட்டியது. பன்றிகள் வந்து சீமைக்கருவேலத்தின் வேர்களைக் கிளறிச் சாய்த்தன. வெறுங்கரையிலோ குடைவேலக் கன்றுகள் எழுந்தன. சாண் உயரம், இளம்பச்சை, சிறகு போன்ற இலைகள். பார்த்தவுடன் ஆடுகளுக்கு வாய் ஊறியது.

இந்த நேரத்துக்குத்தான் நரி காத்திருந்தது.

"செவலையக்கா! எம்புட்டு அழகான பயிர்! நீங்க போட்டது, நீங்க திங்காம வேற யாரு திங்கிறது? எலும்பும் தோலுமா நிக்கிறீங்களே, என் மனசு கேட்கலை!"

"அதானே!" என்றார் தாடியார். சொல்லிவிட்டு ஒரு துளிரைக் கடித்தும்விட்டார்.

செவலை ஓடி வந்து அவர் விலாவில் ஒரு முட்டு முட்டினாள். கிழவர் இரண்டு குட்டிக்கரணம் போட்டார்.

"ஏய்! ஒரே ஓர் இலைதானே தின்னேன்!"

"நாம நூறு பேரு. ஆளுக்கு ஒரே ஓர் இலை. பொழுது சாய்றதுக்குள்ள என்ன மிஞ்சும் பெரியவரே?"

தாடியார் வாயில் இருந்ததைத் துப்பினார். ஆனால் அவர் கண் இன்னும் துளிரின் மேல்தான் இருந்தது. செவலை அதைப் பார்த்தாள். அவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.

"பெரியவரைச் சொல்லிக் குத்தம் இல்லை. எனக்கும் பசிக்குது. நாளைக்கு இன்னும் பசிக்கும். என் வாயை நானே நம்ப மாட்டேன். நமக்கு நாமே வேலி போட்டுக்கணும்!"

"வேலிக்கு எங்கே போறது?" என்றது வண்டு.

"என் காலுக்கடியில் மலையாக் குவிஞ்சு கிடக்கே, இது போதாதா?" என்றான் மூக்கன். பன்றிகள் பிடுங்கிப் போட்ட சீமைக்கருவேலக் கிளைகளைப் பல்லால் கவ்வி இழுத்து வந்தான். கன்றுகளைச் சுற்றி முள்ளை அடுக்கினான். அவன் கூட்டமும் இழுத்தது. ஆடுகள் கொம்பால் தள்ளிக் கொடுத்தன. மூன்று நாளில் கரை நெடுக முள்வேலி எழுந்தது.

"அது என் முள்ளு! என் முள்ளைத் தொடாதீங்க!" என்று நரி அங்கும் இங்கும் ஓடிக் கத்தியது.

"உன் முள்ளுதான், யாரு இல்லைன்னா? ஆனா என் பிள்ளையோட மரத்துக்குக் காவல் நிக்குது!" என்றாள் செவலை.

அடுத்த மழைக்கும் பன்றிகள் வந்தன. அதற்கடுத்த மழைக்கும் வந்தன. பக்கத்து ஓடையில் இருந்த முயல்கள் வந்தன. அவை வேலிக்குள் நுழைந்து சீமைக்கருவேல முளைகளை இளசிலேயே நறுக்கிக் கொடுத்தன. "ஒரு நிபந்தனை. மரம் வளர்ந்ததும் நிழலில் எங்களுக்கும் வளை தோண்ட இடம் வேணும்!" என்று முன்னாலேயே பேசி வைத்தன. செவலை சிரித்துக்கொண்டே சம்மதித்தாள்.

குடைவேலங்கள் வேலியைத் தாண்டின. பிறகு ஆடுகளின் வாய் எட்டும் உயரத்தைத் தாண்டின. பிறகு குடையை விரித்தன.

மூன்றாம் கோடையில் முள்காட்டின் கடைசிப் புதரை மூக்கன் சாய்த்தான். உள்ளே இருந்து நரி வெளியே வந்து விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் திறந்த வெளி. மறைய ஒரு செத்தை இல்லை. எதிரே பொட்டு நின்றாள். இப்போது அவளே தாய். அவள் பின்னால் இரண்டு குட்டிகள்.

"வணக்கம் மாமா! பலகாரம் ஏதும் கொண்டு வரலையா?" என்று கேட்டாள் பொட்டு.

அதற்குள் தாடியார் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்குப் பின்னால் நூறு ஆடுகள். ஆடுகளுக்குப் பின்னால் பன்றிகள். நரி எடுத்த ஓட்டத்தில் புழுதி பனைமர உயரத்துக்கு எழும்பியது. அது பத்துக் கல்லுக்கு அப்பால்தான் நின்றதாம். அதன் பிறகு அந்தப் பக்கம் அதைப் பார்த்தவர்கள் இல்லை.

அந்த வருடம்தான் புது மரங்கள் முதன்முதலாகப் பூத்தன. வெள்ளை வெள்ளையாய், பஞ்சு உருண்டை போலப் பூக்கள்! கண்மாய்க்கரை முழுக்க மணம். ஆடுகள் ஒரு திருவிழாவே எடுத்தன. தேனீக்கள் எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்தன. தூக்கணாங்குருவிகள் கிளை நுனிகளில் கூடு பின்னத் தொடங்கின. முயல்கள் பேசியபடி வளை தோண்டின. மூக்கன் குடும்பத்தோடு சேற்றில் இறங்கிப் புரண்டான். "அப்பாடா!" என்று அவன் விட்ட பெருமூச்சில் தவளைகள் துள்ளி விழுந்தன.

"இந்தக் காடு யாருடையது?" என்று ஒரு குருவி கேட்டது. அது ஊருக்குப் புதிது.

"தின்னது நாங்க!" என்றன ஆடுகள்.

"புதைச்சது நாங்க!" என்றன வண்டுகள்.

"முள்ளைப் பிடுங்கினது யாராம்?" என்றான் மூக்கன் சேற்றுக்குள் இருந்து.

"அப்போ எல்லாருடையதுமா?" என்று கேட்டது குருவி.

"ஆமா. இப்போ நீயும் வந்துட்டே. கூட்டைக் கட்டு, வேலையைப் பாரு!" என்றாள் செவலை.

பொட்டுவின் குட்டிகள் துள்ளிக்கொண்டு கண்மாய்க்கு ஓடின. யாரும் காவலுக்குப் போகவில்லை. நாலு எட்டுதான். குனிந்து, வால் ஆட, ஆசை தீரத் தண்ணீர் குடித்தன. செவலை நிழலில் படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சும்மா கிடைக்கிறது என்று கண்டதை விழுங்கினால் நம் இடம் நம்மை விட்டுப் போகும். நம் மண்ணின் மரத்தை எல்லோரும் கூடி வளர்த்தால் அந்த மரமே நம் எல்லோரையும் வாழ வைக்கும்.