பாக்கியம் துடைத்த கோடு

சினிமா எடுக்கச் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி ஒன்றில் ஒரு காலத்தில் ஒரு கேமரா இருந்தது. யார் பேசினாலும் அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று அதற்குத் தோன்றிவிடும். மற்றபடி நல்ல கேமரா.

முதலாண்டு மாணவர்களுக்கு அங்கே ஒரு பயிற்சி உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும். பார்ப்பவர்களுக்கு அவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதாகத் தெரிய வேண்டும். கேட்க எளிது. ஆனால் நாச்சம்மை என்ற மாணவி அதை எடுத்துத் திரையில் போட்டபோது, அண்ணன் தங்கையாக நடித்த இருவரும் பஸ்ஸில் முன்சீட்டிலும் பின்சீட்டிலும் உட்கார்ந்தவர்கள் போல ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேரும் யார்கிட்டம்மா பேசுறாங்க? கண்டக்டர்கிட்டயா?" என்றார் ஆசிரியர் தெய்வசிகாமணி. வகுப்பு சிரித்து ஓய்ந்ததும் கேமராவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவும் பழசாப் போச்சு. நாளைக்கும் இப்படியே வந்தா பீரோவுல வச்சுப் பூட்டிடுவோம்."

பீரோவுக்குள் போனவர்களைக் கேமராவுக்குத் தெரியும். ஒரு ஸ்லைடு புரொஜெக்டர், இரண்டு டேப் ரெக்கார்டர்கள். எவரும் திரும்பி வந்ததில்லை.

போகும்முன் ஆசிரியர் இரண்டு நாற்காலிகளையும் இணைத்து, இந்த நாற்காலியின் காலிலிருந்து அந்த நாற்காலியின் கால்வரை, சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். "கேமராவோட இதுக்கு ஒரு பக்கமாவே நில்லுங்க. தாண்டினா திரையில இடம் வலமாயிடும், வலம் இடமாயிடும்."

மறுநாள் காலையில் துப்புரவுப் பணி செய்யும் பாக்கியம் வந்து தரையைத் துடைத்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்குப் படப்பிடிப்பு. அண்ணனாக இருதயராஜ், தங்கையாக மும்தாஜ். அம்மா இனி யார் வீட்டில் இருப்பது என்பதுதான் பேச்சு.

"கோட்டைக் காணோமே," என்று கேமரா பதறியது.

"கோடு எதுக்கு? அசையாம நில்லு போதும்," என்றது மூன்று கால் ஸ்டாண்ட். "நிக்கிறவனுக்குத் தப்பே வராது. என்னைப் பாரு."

"முகத்துல வெளிச்சம் விழுதா? அதைப் பாரு முதல்ல," என்றது வெளிச்சத்தைத் திருப்பிவிடும் தெர்மோகோல் அட்டை.

"என்னைக் கேக்காதீங்கப்பா. எனக்கு ஷாட் நம்பர் சரியா இருந்தாப் போதும்," என்று வாயைத் திறந்து மூடியது கிளாப் பலகை.

படப்பிடிப்பு தொடங்கியது. "ஆறு மாசம் என்கிட்டதானே இருந்தாங்க? இனி உன் முறை," என்றான் அண்ணன். பாவம், அவன் சொல்வதும் சரிதானே என்று கேமராவுக்குத் தோன்றியது. "கட்" சொன்னார்கள். தங்கையின் முறை வந்தது. "எங்க வீட்ல ஏற்கெனவே மாமியார் படுத்த படுக்கை. எங்கண்ணா வச்சுக்குவேன்?" அவள் சொல்வதும் சரிதானே. கேமராவின் மனம் போன பக்கம் நாச்சம்மையின் கையும் போயிற்று. இருவருக்கும் ஒரே குணம். கேமராவை ஸ்டாண்டோடு தூக்கி, கோடு இருந்த இடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் வைத்துத் தங்கையை எடுத்தாள்.

போட்டுப் பார்த்தார்கள். மறுபடியும் பஸ்.

"இன்னும் ஒரு டேக் எடுக்கத்தான் நேரம் இருக்கு. நாலு மணிக்கு அடுத்த வகுப்பு வந்துடும்," என்று சொன்ன ஆசிரியரின் கையில் பீரோச் சாவி ஆடிக்கொண்டிருந்தது.

அப்போது தரையிலிருந்து ஒரு குரல் வந்தது. "என்னை மிதிச்சுக்கிட்டுப் போனியே, தெரியலையா?"

"யாரது?"

"நான்தான், கோடு."

"உன்னைத்தான் காலையிலேயே துடைச்சாச்சே!"

"பாக்கியம் துடைச்சது சாக்பீஸை. இவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்குற வரைக்கும் நான் இங்கேதான் கிடப்பேன்."

"அப்போ நான் எந்தப் பக்கம் நிக்கணும்? அதை மட்டும் சொல்லிடு."

"அது உன் இஷ்டம்."

"ஒரு பக்கமா நின்னா, அந்தப் பக்கத்து ஆளை விட்டுட்ட மாதிரி இருக்கே?"

"நீ பக்கம் மாறினதை யாரு தப்புன்னா?" என்றது கோடு. "கண்ணை மூடிக்கிட்டு மாறினியே, அதுதான் தப்பு. இங்கே மூடினே, அங்கே போய்த் திறந்தே. நடுவுல நீ நடந்த வழி பாக்குறவனுக்குத் தெரியாதே. இவங்கதான் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்கன்னு அவன் நினைச்சுக்குறான்."

கேமராவுக்குப் பாதி புரிந்தது. எந்தப் பாதி என்றுதான் புரியவில்லை.

ஆனாலும் அது ஸ்டாண்டின் பிடியை மெல்லத் தளர்த்தியது. நாச்சம்மை கேமராவைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.

"என்னை விட்டா விழுந்துடுவே!" என்று ஸ்டாண்ட் கத்தியது.

"கையில எடுத்தா ஆடும்மா," என்றார் ஆசிரியர்.

"ஆடட்டும் சார்," என்ற நாச்சம்மை குரல் கொடுத்தாள்.

"ஆக்‌ஷன்."

அண்ணன் பேசத் தொடங்கினான். கேமரா அவன் முகத்தைப் பார்த்தது. பார்த்தபடியே, கண்ணை மூடாமல், அவன் நாற்காலியைச் சுற்றி நடந்தது. காது வந்தது, பிடரி வந்தது. அவன் முதுகுக்குப் பின்னால், முன்னாலிருந்து எவருக்கும் தெரியாத இடத்தில், ஒரு கை சட்டையின் நுனியை முறுக்கிப் பிடித்திருந்தது. வாய் "இனி உன் முறை" என்று கறாராகச் சொல்லிக்கொண்டிருக்க, விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

கேமரா அங்கே ஒரு மூச்சு நேரம் நின்றது. பிறகு கோட்டைத் தாண்டியது. அவன் தோளுக்கு மேலாகத் தங்கையின் முகம் வந்தது. அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்ணா, அம்மாகிட்ட நாம யாராவது கேட்டோமா?" என்றாள்.

அந்த வசனம் தாளில் இல்லை. நாச்சம்மை "கட்" சொல்லாமல் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

திரையில் போட்டபோது யாரும் சிரிக்கவில்லை. இருதயராஜ் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். அதற்கு நடிக்கச் சொல்லிக்கொடுத்தது யாரென்று அவனுக்கே தெரியவில்லை.

"ரொம்ப ஆடுது," என்றார் ஆசிரியர். பிறகு, "இன்னொரு தடவை போடு," என்றார். சாவி எப்போதோ அவர் சட்டைப்பைக்குள் போயிருந்தது.

வகுப்பு கலைந்தது. கேமராவுக்குக் குழப்பம் மட்டும் போகவில்லை. தரையைப் பார்த்து மெதுவாகக் கேட்டது:

"இப்போ நான் யார் பக்கம்?"

"எனக்கும் தெரியலை," என்றது கோடு. "ஆனா நீ நடந்து வந்ததை எல்லாரும் பாத்தாங்க."