ஒன்பது றெக்கையும் ஒரே தொட்டியில

ஒரு ஊர்ல ஒரு மருமக இருந்தா. ம் கொட்டணும், என்ன? நீ ம் சொல்லலைன்னா அந்தப் பொண்ணு அங்கேயே நிப்பா, கதை நகராது. ம்... ஆங், அப்படித்தான்.

அவ பேரு செண்பகவல்லி. செண்பகம்னு கூப்பிடுவாங்க. சங்கரன்கோவில்ல வாக்கப்பட்டவ. புருஷன் ஆவுடையப்பனுக்கு தேரடிப் பக்கம் நாட்டு மருந்துக் கடை. சுக்கு, திப்பிலி, வசம்பு, கடுக்காய்னு நாள் முழுக்க நிறுத்து நிறுத்துக் குடுக்கிற கடை. வீட்ல மாமனார் இல்ல, தவறிட்டார், சந்தனப் பொட்டு வச்சு சுவத்துல படமா இருந்தார். மாமியார் கோமதியம்மா மட்டும் இருந்தாங்க.

மாமியார்னதும் முழிக்கிறியே. இந்த மாமியார் அப்படி இல்ல. செண்பகத்துக்கு அம்மா கிடையாது பாத்துக்க. கைக்குழந்தையா இருக்கும்போதே போய்ட்டாங்க. அப்பாவும் அண்ணன்மாரும் வளத்த பொண்ணு. தலை பின்ன ஆளில்லாம தானே கோணல் வகிடு எடுத்துக்கிட்டு பள்ளிக்கூடம் போனவ. கல்யாணமாகி வந்த அன்னைக்கு, சாப்பிட்டு எந்திரிக்கப் போனவளைக் கோமதியம்மா கையைப் பிடிச்சு உக்கார வச்சு, இன்னொரு கரண்டி சோறு போட்டு, இதையும் சாப்பிட்டுட்டுத்தான் எந்திரிக்கணும்னாங்க. வயிறு நெறஞ்சு போச்சுன்னு சொல்ல மனசில்லாம, கண்ணுல தண்ணி வர வர அதையும் சாப்பிட்டா. அன்னையிலேருந்து அவளுக்கு அத்தைன்னா உசுரு.

அப்புறம், அந்த வீட்ல மூணு ஃபேன். கூடத்துல ஒண்ணு, படுக்கிற அறையில ஒண்ணு, அடுக்களையில ஒண்ணு. கூடத்து ஃபேன் இருக்கே, அது மாமனார் உலகநாதன் வாங்கினது. அவர் ஃபேன் வாங்கப் போன கதையே பெரிய கதை. திருநெல்வேலிக் கடையில போய், இதை ஓட்டு, அதை ஓட்டுன்னு ஒவ்வொண்ணா ஓடவிட்டு, அதுக்கு அடியில ஒரு முக்காலியப் போட்டுக் கண்ணை மூடி உக்காந்துக்கிட்டாராம். கடைக்காரர் பூப்போட்ட ஃபேன் காட்டுனார், தங்கக் கோடு போட்டது காட்டுனார், நடுவுல லைட்டு எரியுறது காட்டுனார். இவர் எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, பூவா காத்தடிக்கப் போகுதுன்னு கேட்டாராம். கூடம் பெருசு, காத்து மூலை வரைக்கும் வரணும், றெக்கைத் தகடு கெட்டியா இருக்கணும். சத்தம் வரக் கூடாது. மாட்டுறப்பவும் விடலையே மனுஷன். உத்தரத்தோட ஒட்டி மாட்டுனா காத்து வராது, ரொம்பக் கீழே எறக்குனா சட்டை போடும்போது கை போயிடும்னு, கையை ரெண்டையும் மேல தூக்கிக்கிட்டு நின்னு அளவு சொன்னாராம்.

அப்படிப் பாத்துப் பாத்து வாங்குன ஃபேன். மூணுல வச்சா போதும், விர்ர்ர்னு ஒரு காத்து, சத்தமே கிடையாது. கோமதியம்மா அதுக்கு அடியிலதான் பாய் விரிப்பாங்க. வேற எங்க படுத்தாலும் அவங்களுக்குத் தூக்கம் வராது. அவர் பக்கத்துல உக்காந்து விசிறிவிடுற மாதிரி இருக்குன்னு சொல்லுவாங்க. ம் சொல்லு. ம்.

அப்போ சித்திரை விசு வந்துச்சு. வெயில்னா வெயில், தலையில தோசை சுடலாம். விசுவுக்கு முன்னாடி வீடு கழுவணுமில்லையா? கோமதியம்மா என்ன சொன்னாங்கன்னா, ஃபேனுக்குப் பழைய தலையணை உறை போதும், றெக்கையில மாட்டி அப்படியே உருவுனா தூசியெல்லாம் உறைக்குள்ள வந்துரும், கண்ணுல விழாதுன்னாங்க. சொல்லிட்டு கோயிலுக்குப் போய்ட்டாங்க. நம்ம செண்பகம் கேட்டாளா? அத்தை திரும்பி வரும்போது ஃபேன் புதுசு மாதிரி மின்னணும்னு அவளுக்கு ஆசை. வேலை செய்யுற பொண்ணுக்கு வாய்க்கிற அதிகப்பிரசங்கித்தனம்.

மெயினை அணைச்சா. ஸ்டூல்ல ஏறுனா. மூணு ஃபேன்லயும் றெக்கையெல்லாம் கழட்டி, ஒன்பது றெக்கையையும் கொண்டுபோய் ஒரே தொட்டியில போட்டு, சோப்பு போட்டு, சரக்கு சரக்குன்னு தேச்சுத் தள்ளிட்டா. ஒன்பதும் பாக்க ஒரே நீளம், ஒரே மாதிரி. ஏன்னா, அவ கல்யாணத்துக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சப்ப, மிச்சம் இருந்த பெயின்டை மூணு ஃபேனுக்கும் பூசி, எல்லாத்தையும் ஒரே வெள்ளையா ஆக்கிட்டாங்க. எது எந்த ஃபேன் றெக்கைன்னு அவளுக்குத் தெரியல. தெரியணும்னும் தெரியல. கையில வந்தது எதுவோ அதை மாட்டிட்டா.

அப்புறம் என்ன ஆச்சு? சுவிட்சைப் போட்டாங்க. லொடக்... லொடக்... லொடக் லொடக் லொடக்! கூடத்து ஃபேன் மண்டைய மண்டைய ஆட்டுது, பேய் புடிச்ச மாதிரி. பாய்ல படுத்திருந்த கோமதியம்மா எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. அன்னைக்குத் தூங்கல. அடுத்த நாளும் தூங்கல. அதுக்கு அடுத்த நாளும் பொட்டுத் தூக்கம் இல்ல. கண்ணு ரெண்டும் உள்ள போயிடுச்சு. தூங்காம இருக்கிறது கூட அவங்களுக்குப் பெருசில்ல. வாயைத் திறந்து ஒண்ணு சொன்னாங்க பாரு, அவர் வாங்கின ஃபேன், அவருக்கு என்னமோ கோவம், இந்த வீட்ல நான் இருந்தது போதும்னு சொல்றார்னாங்க.

நீ எதுக்கு மேல பாக்குற? அது நம்ம ஃபேன். அது ஆடாது. கண்ணை மூடிக்கிட்டுக் கேளு.

அப்போ மொதல்ல ஆவுடையப்பன் சாப்பிட வந்தப்ப ஸ்டூல்ல ஏறுனான். ஸ்க்ரூவெல்லாம் லூசா இருக்கும்னு கிர் கிர்னு முறுக்கி இறுக்குனான். சுவிட்சைப் போட்டா? லொடக் லொடக். போடான்னு சொல்லுச்சு ஃபேன். அவன் கையைத் துடைச்சுக்கிட்டு கடைக்குப் போய்ட்டான்.

ரெண்டாவது, பக்கத்து வீட்டு பிச்சம்மா வந்தா. அவளுக்குத் தெரியாத விஷயம் உலகத்துல உண்டா? ஏதோ ஒரு றெக்கை கனம் கம்மியா இருக்கும், அதுல எதையாவது ஒட்டுனா சரியாப் போகும்னா. எதை ஒட்டுறது? அவளே அடுக்களைக்குப் போயி, ஒரு புளி உருண்டைய எடுத்தாந்து, நல்லா அப்பி ஒட்டிட்டா. ஒண்ணுல வச்சாங்க, புளி ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. ரெண்டுல வச்சாங்க, நின்னுச்சு. மூணுல வச்சாங்க. ஙொய்ங்னு பறந்து போயி, சொத்துன்னு மாமனார் படத்துல, நெத்தியில, சந்தனப் பொட்டு மேலேயே உக்காந்துக்கிச்சு.

சிரிக்கிறியா? சிரி சிரி. அங்க யாரும் சிரிக்கல. பிச்சம்மா பின்பக்கமா நழுவிட்டா. கோமதியம்மா எந்திரிச்சு, தண்ணி தொட்டுப் படத்தைத் துடைச்சாங்க. பொட்டு வச்சாங்க. அப்புறம் மெதுவா பரண்லேருந்து துணிப் பையை எடுத்தாங்க.

அம்பாசமுத்திரத்துல அவங்க தங்கச்சி வீடு. சுத்தி வயக்காடு, ஆத்துக் காத்து பிச்சுக்கிட்டு வரும். அக்கா இங்கேயே வந்து இருந்துடுன்னு அந்தத் தங்கச்சி ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. சாயங்கால பஸ்ல போறேன், இனிமே அங்கதான்னுட்டாங்க கோமதியம்மா. செண்பகம் காலைப் பிடிச்சுக் கெஞ்சினா. அவங்க இவ கன்னத்தைத் தடவி, "உன்மேல எனக்கு என்னட்டி கோவம்? அவரு போகச் சொல்றாரு, போறேன்"னாங்க. திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பா. தடவுனாங்களே, அதைத்தான் தாங்க முடியல அவளால. பொறந்ததிலேருந்து இல்லாத அம்மா, இப்பத்தான் கிடைச்சு, அதுவும் ஒரு ஃபேனால போகுதேன்னு ஆயிருச்சு அவளுக்கு.

செருப்புகூட போடாம ஓடுனா கடைக்கு. ஆவுடையப்பன் என்ன சொன்னான்? எங்க அம்மா சொன்னா சொன்னதுதான், நான் ஆட்டோ பிடிச்சிட்டு வர்றேன்னு சொல்லிட்டு, ரெண்டு பேருக்குச் சமமாப் பிரிக்க வசம்பு நிறுக்கிறான். அப்போ செண்பகம் தராசைப் பாத்தா. ரெண்டு தட்டுலயும் ரெண்டு வசம்புத் துண்டு. பாத்தா ஒரே அளவு, ஒரே நிறம். ஆனா ஒரு தட்டு டபக்னு கீழே போகுது. அவன் அதை எடுத்துட்டு வேற துண்டு வச்சான். இப்போ தராசு முள்ளு நேரா நின்னுச்சு.

அப்படியே நின்னுட்டா. கனம்னு பிச்சம்மா சொன்னாளே. ஒன்பது றெக்கை. ஒரே தொட்டி. ஒரே வெள்ளைப் பெயின்ட். அடப்பாவி, மாமா கோவிக்கல, நான்தான் றெக்கையை மாத்திப்புட்டேன்னு தலையில அடிச்சுக்கிட்டா. அடிச்ச கையோட தராசைத் தூக்கிட்டா!

ஆவுடையப்பன் கத்துறான், வாடிக்கைக்காரங்க என் மருந்து என் மருந்துங்கிறாங்க. இவ திரும்பிப் பாக்கணுமே. சங்கிலி ஜல் ஜல், தட்டு டிங் டிங்னு ஆட, தேரடித் தெருவுல ஓடுறா ஓடுறா, நடுத்தெருவுல ஆடு மாடெல்லாம் ஒதுங்கி வழிவிடுது. அங்க ஆவுடையப்பன் மீதி மருந்தைக் கையாலேயே அள்ளிக் குடுத்தானாம்.

வீட்டுக்கு வந்தா, கோமதியம்மா சேலை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு இருக்காங்க. இவ நேரா போய் மெயினை அணைச்சா. கூடத்து ஃபேன் றெக்கையைக் கழட்டுனா. அறை ஃபேன் றெக்கையைக் கழட்டுனா. தராசுல தட்டைக் கழட்டிட்டு, சன்னல் கம்பியில தொங்கவிட்டு, இந்தப் பக்கம் ஒரு றெக்கை அந்தப் பக்கம் ஒரு றெக்கைன்னு நூல்ல கட்டித் தொங்கவிட்டா. இந்தப் பக்கம் சாய்ஞ்சா இது கனம், அந்தப் பக்கம் சாய்ஞ்சா அது கனம். மாமனார் வாங்குன காலத்துத் தகடு கெட்டியானது, அதனால கனமான மூணுதான் கூடத்து ஃபேனோட றெக்கைன்னு அவளுக்குப் புரிஞ்சு போச்சு.

டபக். டபக். முள்ளு நேரா. ஒரு ஜோடி கெடச்சிருச்சு! ரெண்டும் நல்ல கனம், மயிரிழைகூட மாறல. மூணாவது எங்க? இதை மாட்டுறா, இல்ல. அதை மாட்டுறா, இல்ல. கழட்டுன ஆறும் பாத்தாச்சு, மூணாவதைக் காணோம். வெளியில ஆட்டோ வந்து பாம் பாம்னு ஹார்ன் அடிக்குது. செண்பகத்துக்கு வேர்வை கண்ணுக்குள்ள போகுது. ம் சொல்லு, ம் சொல்லு, எங்க போயிருக்கும் அது?

அடுக்களை! அடுக்களை ஃபேனை அவ தொடவே இல்லையே. ஓடுனா. ஸ்டூலைப் போட்டா, மொத றெக்கையைக் கழட்டிக் கையில பிடிச்சா, இலேசு. ரெண்டாவதைக் கழட்டுனா, கையே கீழே எறங்குது. கொண்டாந்து தராசுல கட்டுனா. முள்ளு அப்படியே நேரா, கோயில் கொடிமரம் மாதிரி நிக்குது. மூணும் சேந்துருச்சு!

அப்புறம் கூடத்துல ஏறி மாட்டுறா. ஒரு ஸ்க்ரூ கையைவிட்டு நழுவி உருண்டு கட்டிலுக்கு அடியில போகுது. படுத்துத் தேடி எடுத்து முறுக்குறா. ஒவ்வொரு ஸ்க்ரூவும் கிர்ரு கிர்ரு. எறங்கி சுவிட்சைப் போட்டா. ஒண்ணும் இல்ல. ஃபேன் அசையல.

பயந்துட்டியா? மெயினைப் போடவே இல்லடி அந்தப் பைத்தியம். ஓடிப்போய் அதைப் போட்டா. ஒண்ணுல வச்சா. ரெண்டுல வச்சா. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மூணுல வச்சா.

விர்ர்ர்ர்ர். அவ்வளவுதான். லொடக் இல்ல, கடக் இல்ல.

அப்போ கோமதியம்மா கையில பையோட கூடத்துக்கு வந்தாங்க, போறதுக்கு முன்னாடி அவர் படத்தைக் கும்பிட. கையைக் கூப்புனவங்களுக்கு, முந்தானை தன்னால எழும்பி மூஞ்சியில படுது. சத்தமில்லாததனால ஃபேன் நின்னுபோச்சுன்னுதான் அவங்க நெனச்சாங்க. மேல பாத்தாங்க. பாத்துக்கிட்டே நின்னாங்க. பையைக் கீழே வச்சாங்க.

"இதை யாரு சரி பண்ணா?"

"நான்தான் அத்தை. கெடுத்ததும் நான்தான். நீங்க துடைக்கத்தான் சொன்னீங்க, நான் எல்லா றெக்கையையும் கழட்டி ஒண்ணாப் போட்டுக் கழுவி, மாத்தி மாட்டிட்டேன்."

கோமதியம்மா திரும்பி அவர் படத்தைப் பாத்தாங்க. அப்புறம் ரொம்பச் சின்னக் குரல்ல கேட்டாங்க.

"அப்போ அவருக்கு என்மேல கோவம் இல்லையா?"

"இல்லவே இல்ல அத்தை. றெக்கை மாறிப் போச்சு, அம்புட்டுத்தான்."

அவ்வளவுதான், அந்த அம்மா உக்காந்து விசும்பி விசும்பி அழுதாங்க. மூணு நாளா அந்த நெனப்பைச் சுமந்துக்கிட்டு இருந்திருக்காங்க, பாவம். அழுது முடிச்சு மூக்கைச் சிந்திட்டு, வாசல்ல நின்ன மகன்கிட்ட ஆட்டோவைப் போகச் சொன்னாங்க. பாயை விரிச்சுப் படுத்தாங்க. செண்பகம் அழுக்குக் கையோட சுவரோரமா ஒட்டிக்கிட்டு நின்னா. போகவும் மனசில்ல, கிட்ட வரவும் தைரியம் இல்ல.

கண்ணைத் திறக்காமலே கோமதியம்மா கொஞ்சம் தள்ளிப் படுத்து, பாயில பக்கத்தைத் தட்டுனாங்க. "அங்க என்னட்டி வேர்த்துக்கிட்டு நிக்கிற? இங்க வந்து படு. காத்து ரெண்டு பேருக்கும் வருது."

போய்ப் படுத்தா. அத்தை கையைத் தூக்கி அவ மேல போட்டுக்கிட்டாங்க. அடுத்த நிமிஷம் தூங்கிட்டாங்க. அம்மா பக்கத்துல படுத்துத் தூங்குறது எப்படி இருக்கும்னு செண்பகத்துக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

ம்... ம் வரலையே. தூங்கிட்டியா? தூங்கு தூங்கு. கதை காத்தோட போயாச்சு, உனக்குத் தூக்கம் வந்தாச்சு.