செங்கமலத்துக்குக் கண் வைத்தவன்

கடலோரத்தில் தனுக்கோடி என்றொரு ஓவியர் இருந்தார். அவர் வரைந்ததெல்லாம் ஒரே ஆளைத்தான். மனைவி செங்கமலத்தை.

அவர் பேரைக் கேள்விப்பட்டு சீடனாக வந்து சேர்ந்தான் வேலாயுதம். குருவுக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. சினிமா பேனர் வரைந்தவன். நல்ல வரும்படியை உதறிவிட்டு, பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். பேனர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முகமெல்லாம் முடிந்தபின் கடைசியில்தான் கண். அதைக் கைதேர்ந்தவன் ஒருத்தன் வந்துதான் வைப்பான். அந்த ஒருத்தன் வேலாயுதம்.

ஒருநாள் காலை குரு சந்தைக்குப் போயிருந்தார். புதுப் படம் சுவரில் சாய்ந்து நின்றது. இவன் பார்க்கிற முதல் படம். பார்த்தவன் வெலவெலத்துப் போனான். பச்சை முகம், கொக்குக் கழுத்து, முறம் மாதிரி கை. இருந்தும் அது செங்கமலம்தான், சந்தேகமே இல்லை. கண்ணைத்தான் காணோம். மூலையில் கையெழுத்து வேறு போட்டாயிற்று.

மனுஷன் மறந்துவிட்டார் என்று பதறினான். நம் கைக்கென்றே விட்டுவைத்தாரோ என்று குறுகுறுப்பும் வந்தது. பிரஷ்ஷை எடுத்து இரண்டு கண்ணையும் வைத்துவிட்டான்.

குரு வந்து பார்த்தார். கையிலிருந்த பை நழுவி, கத்தரிக்காய் தரையெல்லாம் உருண்டது.

"நான் முடிச்ச படம்ப்பா அது."

மூட்டையைக் கட்டு என்று சொல்லப்போகிறார், எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது என்று வேலாயுதம் நினைத்தான். குரு திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"யாரைப் பாத்து வச்சே?"

"அண்ணியைத்தான் ஐயா. சோறு போடறப்போ பாக்கற கண்ணு. அன்பான கண்ணு."

"சரி. இப்ப அந்தக் கண்ணு என்ன நினைக்குதுன்னு பாத்துச் சொல்லு. சரியாச் சொன்னா படம் அப்படியே இருக்கட்டும்."

அடுப்படியை எட்டிப் பார்த்தான். செங்கமலம் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் பசிக்கிறதா என்று கேட்டுச் சிரித்தாள்.

திரும்பி வந்து, குழம்புக்குப் புளி போதுமா என்று நினைக்கிறார்கள் என்றான்.

குரு அங்கிருந்தே குரல் கொடுத்தார். "கமலம், இப்ப என்ன நினைச்சிட்டிருந்தே?"

செதில் சுரண்டும் சத்தம் நிற்கவில்லை.

"உங்களைக் கட்டாம எங்க மாமன் மகனையே கட்டியிருந்தா எப்படி இருந்திருக்கும்னு நினைச்சேன். ஏன், என்ன இப்போ?"

வேலாயுதத்துக்குக் குருவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

குரு ஒரு துணியை டர்பன்டைனில் நனைத்தார். அதை இரண்டாகக் கிழித்துப் பாதியை இவனிடம் நீட்டினார். ஒரு கண்ணை அவர் துடைத்தார். மற்றதை இவன் துடைத்தான்.

"ஐயா, உங்களுக்குமா தெரியல?"

"கல்யாணம் ஆன நாளா அவ நினைக்கறதை நானும் சொல்லிப் பாக்கறேன். ஒரு தடவை சரியாச் சொல்லியிருந்தா, நானே வச்சிருக்க மாட்டேனா?"