நாவலை அழிக்க வந்தவர்

“அழிச்சிருங்க, குருவே! ஒரு வரி மிச்சம் வைக்காம அழிச்சிருங்க!”

உச்சி வெயிலில் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார் அமிர்தலிங்கம்.

வீடு வீடாகப் போய் மின்மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்ற மனிதர். அறுபது வயதுக்கு மேல் நாவல் எழுதும் ஆசை வந்துவிட்டது. வாரம் ஓர் அத்தியாயம் எழுதித் தன் இணையப் பக்கத்தில் போட்டுவந்தார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். காசு கிடையாது.

அவர் குரு என்று கூப்பிட்டது பூங்கோதையை. குருவுக்கு இன்னும் முப்பது வயதுகூட ஆகவில்லை. அருப்புக்கோட்டை பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். அவருக்குத் தமிழில் தட்டச்சு சொல்லிக்கொடுத்து, பக்கத்தையும் திறந்து கொடுத்தவள் அவள்தான். அழிக்கிற வித்தை மட்டும் சிஷ்யருக்கு இன்னும் கைவரவில்லை.

அன்று அவள் கடை வாசலில் பந்தல் போட்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“என்ன சார் ஆச்சு?”

“நாவலுக்குக் கீழ ஒருத்தன் எழுதியிருக்கான், ‘கதாநாயகி உலகம்மை ஏன் வீட்டை விட்டுப் போனாள்னு சொல்லவே இல்லையே’ன்னு. சும்மா படிக்கிறவனுக்கு நாக்கு எவ்வளவு நீளம் பாருங்க! தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்குறான்!”

“மத்தவங்க?”

“அவங்க தங்கமானவங்க. படிச்சிட்டுப் பேசாமப் போயிருவாங்க.”

“ஒரு வருச உழைப்பு, சார்.”

“போகட்டும்!” என்றார்.

“சரி, அழிச்சிரலாம். உள்ள போயி கம்ப்யூட்டரைப் போடுறேன். அதுவரைக்கும் இந்தச் சொம்பைப் பிடிங்க.”

பிடித்தார்.

முதல் தம்ளரை வேண்டாவெறுப்பாகத்தான் ஊற்றினார். நாலைந்து பேர் குடித்து முடிப்பதற்குள் குரல் மாறிவிட்டது.

“வாங்க, வாங்க! இஞ்சி தட்டிப் போட்டது!”

ஏதோ தானே விடிய விடியக் கடைந்த மோர் மாதிரி!

குடித்தவர்கள் தம்ளரை வைத்துவிட்டுப் பேசாமல் போனார்கள்.

ஒரு கண்டக்டர் வந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“உப்பே இல்லையே, அண்ணாச்சி!”

சொல்லிவிட்டுத் தன் பேருந்தைப் பார்த்து ஓடினார்.

அமிர்தலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொஞ்சம் வாயில் விட்டுப் பார்த்தார். உப்புப் பொட்டலம் பானைக்குப் பக்கத்திலேயே பிரிக்காமல் கிடந்தது.

“அடப்பாவமே! இத்தனை பேர் குடிச்சாங்க, ஒருத்தர்கூட வாயைத் திறக்கலையே! இவர் ஒருத்தர்தானே சொன்னாரு!”

பொட்டலத்தைப் பல்லால் கிழித்தார். போட்டார், கலக்கினார், நாக்கில் விட்டுப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் போட்டார். ஒரு தம்ளர் நிறைய மொண்டுகொண்டு ஓடினார்.

பேருந்து நகர ஆரம்பித்திருந்தது. அவருக்கு ஒரு கையில் வேட்டி நுனி, ஒரு கையில் மோர்.

“கண்டக்டர் சார்! நில்லுங்க! இப்பக் குடிச்சுப் பாருங்க!”

விசில் ஒலித்தது. பேருந்து நின்றது. ஜன்னல்களில் எட்டிப் பார்த்த தலைகளெல்லாம் சிரித்தன.

கண்டக்டர் படியில் நின்றபடி அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார்.

“இப்பத்தான் மோரு! நாளைக்கும் உண்டா, அண்ணாச்சி?”

“உங்களுக்குன்னு எடுத்து வைக்கிறேன்!”

பாதி மோரைச் சட்டையில் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவர் முகத்தில் கல்யாண வீட்டுக் களை. அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

பூங்கோதை வாசலில் நின்றிருந்தாள்.

“கம்ப்யூட்டர் தயாரா இருக்கு, சார். அழிச்சிரட்டுமா?”

“எதை?”

“நாவலை.”

“எந்த மடையன் அழிக்கச் சொன்னான்?”

சொம்பை அவள் கையில் திணித்தார்.

“தள்ளுங்கம்மா! அந்த மனுசன் உலகம்மைக்காகக் காத்துக்கிட்டு இருப்பாரு!”