ஒரே இடத்தில் நின்ற விண்ணப்பதாரர்

நெட்டேந்தல் ஊர்க்காரர்களைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. சொன்னதைச் செய்வார்கள். சொன்னபடியே செய்வார்கள். அந்த ஊருக்கு வருகிற அதிகாரிகள் எல்லாரும் மூன்றே மாதத்தில் இடமாற்றம் கேட்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

அந்த ஊர் அடைக்கலத்துக்கு மரம் வளர்க்கும் ஆசை வந்தது. தன் மேட்டு நிலத்தில் ஐந்நூறு மலைவேம்புக் கன்றுகளை நட்டுவிட்டான். மரமானால் பிளைவுட் கம்பெனிக்காரன் லாரியோடு வந்து வாசலில் நிற்பான் என்று கேள்வி. ஆனால் மரமாகிற வரைக்கும் தண்ணீர் வேண்டுமே? அவன் பெண்டாட்டி மூக்காயி அடி பம்பிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். கடைசிக் கன்றுக்கு ஊற்றி முடிப்பதற்குள் முதல் கன்று தலையைத் தொங்கப்போட்டுவிடும்.

"இந்தக் கோடையை என் இடுப்பும் தாங்காது, உங்க கன்னும் தாங்காது. ஏதாவது வழி பண்ணுங்க" என்றாள் மூக்காயி.

அடைக்கலமோ பிள்ளை குட்டி இல்லாத மனுஷன்; அந்தக் கன்றுகள் மேல் உயிரையே வைத்திருந்தான். பண்ணைக்குட்டை வெட்டுகிறவர்களுக்கு அரசாங்கம் மோட்டாரும் குழாயும் மானியமாகத் தருகிறது என்று யாரோ சொல்ல, மச்சினன் வெள்ளைக்கண்ணுவையும் பக்கத்து நிலத்துச் சோலையப்பனையும் கூட்டிக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்குப் போனான்.

அங்கே இருந்த மேடம் நல்ல மாதிரி. பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டு, "நிலத்தோட எல்லை சரியா இருக்கான்னு நான் பார்க்கணும்" என்றார்.

மறுநாள் மூன்று பேரும் நான்கு எல்லைக் கற்களையும் பெயர்த்து ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து மேடத்தின் மேசை மேல் வைத்தார்கள். மேசைக்கு ஒரு கால் போயிற்று.

"நல்லா பாத்துக்குங்கம்மா" என்றான் அடைக்கலம்.

மேடம் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். கற்களைத் திரும்பக் கொண்டுபோய் நடும்போது, பழைய குழி எது என்று மூவருக்கும் மறந்து போயிருந்தது. குத்துமதிப்பாக நட்டார்கள். நிலம் ஒன்றரை முழம் கூடியிருந்தது. அது சோலையப்பன் நிலத்திலிருந்து வந்த ஒன்றரை முழம்தான். ஆனால், "மேடத்துக்குக் கைராசி" என்று முதலில் சொன்னதே சோலையப்பன்தான்.

அடுத்து குட்டை. ஆர்வக்கோளாறில் விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பே மண்வெட்டியும் கூடையுமாக இறங்கி, பத்து நாளில் ஆள் உயரத்துக்கு வெட்டிவிட்டார்கள். மேடத்திடம் பெருமையாகப் போய்ச் சொன்னார்கள்.

"வெட்டுறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ எங்க?" என்று கேட்டார் மேடம். "மொத்தம் மூணு போட்டோ வேணும். வெட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு, வெட்டும்போது ஒண்ணு, வெட்டி முடிச்சதும் நானே வந்து ஒண்ணு எடுப்பேன். மூணுலயும் விண்ணப்பதாரர் ஒரே இடத்துல நிக்கணும். இடம் மாறினா கம்ப்யூட்டர் தள்ளிரும்."

அன்று மூவரும் வெட்டிய குட்டைக்குள் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"வெட்டியாச்சு. இனிமே முன்னாடி எடுத்த போட்டோவுக்கு எங்க போறது?" என்றான் அடைக்கலம்.

"முன்னாடிக்குப் போக முடியாது மச்சான்" என்றான் வெள்ளைக்கண்ணு. "ஆனா குட்டையை மூடிட்டா, முன்னாடி இருந்த மாதிரியே ஆயிரும்ல?"

சோலையப்பன் அவன் தோளைத் தட்டினார். "நம்ம ஊர்ல இப்படி ஒரு மூளையா!" என்றார். அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

நான்கு நாளில் குட்டையை மூடினார்கள். மண்ணை மிதித்து, தண்ணீர் தெளித்து, சந்தேகம் வராமல் இருக்க இரண்டு எருக்கஞ்செடிகூட நட்டார்கள். நட்ட நடுவில் அடைக்கலத்தை நிறுத்தி வெள்ளைக்கண்ணு போனில் படம் எடுத்தான். அருமையாக விழுந்தது.

"சரி, நான் நகரலாமா?" என்றான் அடைக்கலம்.

விஷயம் அவ்வளவு லேசானது இல்லை.

"நகர்ந்தா அதே இடத்துக்குத் திரும்பி வருவியா?" என்று கேட்டார் சோலையப்பன். "நாலு கல்லுக்கே இடம் மறந்த ஆளுங்கப்பா நாம."

"ஒரு குச்சி நட்டு வைப்போம்ணே" என்றான் வெள்ளைக்கண்ணு.

"குச்சி நட்டா, குச்சிதான் அங்க இருக்கும். மேடம் விண்ணப்பதாரரைத்தானே நிக்கச் சொன்னாங்க?"

அடைக்கலம் திரும்பித் தன் கன்றுகளைப் பார்த்தான். ஐந்நூறும் வாடி நின்றன. மோட்டார் வந்தால்தான் அதுகளுக்கு உயிர். "நான் நகரல. என்னைச் சுத்தி வெட்டுங்க" என்று சொல்லிவிட்டான்.

சுற்றி வெட்டினார்கள். நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மண் திட்டு நின்றது. அதன் மேல் அடைக்கலம் நின்றான். சோற்றுத் தூக்கை மூக்காயி மூங்கில் கழியில் மாட்டி நீட்டினாள். களைத்துப்போனால் திட்டிலேயே சுருண்டு படுத்துக்கொண்டான். பள்ளம் ஆழமாக ஆக, நாம்தான் உயர்ந்துகொண்டே போகிறோம் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

"மாப்ள, நீங்கள்லாம் சின்னதாத் தெரியுறீங்கடா!" என்று மேலிருந்து சொன்னான்.

இரண்டாவது படமும் எடுத்தாயிற்று. வெட்டி முடித்த அன்று, யாரும் கேட்காமலேயே ஒரு கோடை மழை கொட்டித் தீர்த்தது. விடிந்து பார்த்தால் குட்டை ஆள் முங்குகிற அளவுக்கு நிரம்பிக் கிடந்தது. நடுவில் அடைக்கலம், ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றான்.

மேடம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நகரலம்மா!" என்று அடைக்கலம் கத்தினான். "ஒரு அடிகூட நகரல!"

நெட்டேந்தலில் அவருக்கு அது மூன்றாவது மாதம். படத்தை எடுத்தார், போனில் ஏற்றினார். அரை நிமிஷத்தில் பச்சை டிக் விழுந்தது.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல மூணு போட்டோவும் இவ்வளவு துல்லியமா யாரும் குடுத்ததில்ல" என்றார், பாராட்டா புலம்பலா என்று தெரியாத குரலில். "மானியம் பாஸ் ஆயிருச்சு. ஒரு மாசத்துல மோட்டார் வந்துரும். குட்டையைப் பார்த்துட்டுப் போகவும் ஆள் வருவாங்க."

திட்டின் மேலேயே அடைக்கலம் ஒரு குதி குதித்தான். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். மேடம் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டே, "இனிமே நீங்க இறங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இறங்கலாம்தான். எப்படி இறங்குவது? அடைக்கலத்துக்கு நீச்சல் தெரியாது. கரையில் நின்ற இரண்டு பேருக்கும் தெரியாது.

"நாலு வாழைத்தண்டைக் கட்டித் தெப்பமா அனுப்புங்கடா" என்றாள் மூக்காயி.

"தெப்பத்துக்கு நாம விண்ணப்பமே குடுக்கலையேக்கா" என்றான் வெள்ளைக்கண்ணு.

மோட்டார் வந்ததும் தண்ணீரை இறைத்துவிடலாம் என்றால் ஒரு மாதம் ஆகும். பேச்சு நீண்டுகொண்டே போனது. அதற்குள் மூக்காயி குட்டையிலேயே குடத்தை முக்கி முக்கி ஐம்பது கன்றுகளுக்கு ஊற்றிவிட்டாள். கடைசியில் சோலையப்பன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நமக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணு இருக்கே. குட்டையை மூடிருவோம். அவன் பாட்டுக்கு நடந்து வரட்டும்!"

"அடப் பாவிகளா!" என்று மூக்காயி குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அதற்குள் இருவரும் கூடை நிறைய மண்ணை அள்ளித் தூக்கிவிட்டார்கள்.

"நிறுத்துங்கடா! ஒரு கூடை மண்ணு உள்ள விழக்கூடாது!" என்று திட்டிலிருந்து அடைக்கலம் அலறினான்.

மூக்காயிக்கு உயிர் வந்தது. புருஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள், பாவம்.

அடைக்கலம் தலையில் கிடந்த துண்டை உதறித் தோளில் போட்டான். தலையைக் கோதிவிட்டுக்கொண்டு, அதே இடத்தில் விறைப்பாக நின்றான்.

"மூடுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடு மாப்ள. நாளைக்கு ஆள் வந்து குட்டை எங்கன்னு கேட்டா என்னத்தக் காட்டுறது?"