ராஜினாமாவுக்கு ஆள் தேவை

கோவில்பட்டியில் ஆடிட்டர் மாசிலாமணி ஆபீசில் மூன்று முட்டாள்கள் கணக்கு வேலை பார்த்தார்கள். அதில் ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். அவன் பெயர் பூவலிங்கம், இதை எழுதிக்கொண்டிருப்பவன். மற்ற இருவர் கொம்பையாவும் ஞானதுரையும்.

எங்களுக்கென்று ஒரு முறை இருந்தது. எந்தத் தாளாக இருந்தாலும் கொம்பையா எழுதுவான். நான் படித்துப் பார்த்துப் பச்சைப் பேனாவால் டிக் போடுவேன். நான் போட்டது சரியான டிக்தானா என்று ஞானதுரை பார்த்து, பக்கத்தில் சிவப்பு டிக் போடுவான். டீக்கடைக்கு 'மூணு டீ' என்று எழுதி அனுப்பும் சீட்டுக்கும் இதே முறைதான். அதனால் காலை டீ எங்களுக்கு மத்தியானம் வரும். நாங்கள் தவறில்லாத டீ குடித்தோம்.

எட்டு வருஷம் இப்படி நிம்மதியாகப் போனது. எனக்கு ஒரே ஒரு குறை. கணக்குப் பிள்ளை என்று தெரிந்தால் கல்யாண வீட்டில் யாரும் பந்தியில் உட்காரவிட மாட்டார்கள். "பூவலிங்கம் வந்தாச்சா, அந்த மொய் நோட்டைக் கொடு" என்று மேஜையில் உட்காரவைத்துவிடுவார்கள். கடைசிப் பந்தியில் ரசமும் அப்பளத் தூளும்தான் கிடைக்கும். என் கல்யாணத்திலேயே தாலி கட்டி முடித்ததும் மாமனார் நோட்டோடு வந்து நின்றார். ஒரு கல்யாணத்திலாவது முதல் பந்தியில் இலை போட்டு உட்கார வேண்டும் என்பது என் வாழ்நாள் ஆசையாகிப்போனது.

கன்சல்டன்ட் என்று ஒரு வேலை இருப்பதைக் கொம்பையாதான் கண்டுபிடித்தான். அடுத்தவர் தொழிலைப் பார்த்து யோசனை சொல்லுகிற வேலை. அப்படிப்பட்டவர்களை யாரும் மொய் எழுதச் சொல்வதில்லை, முதல் பந்தியில் உட்காரவைத்து இன்னொரு வடையும் வைக்கிறார்கள். ஞானதுரைக்கு மட்டும் பேங்க்தான் வேண்டும் என்று பிடிவாதம். இரண்டுக்கும் வழி பிசினஸ் ஸ்கூல்தான் என்றார்கள். விண்ணப்பம் வாங்கினோம்.

அதில் ஒரு கேள்வி: 'நீங்கள் வாழ்க்கையில் அடைந்த ஒரு தோல்வியை விவரிக்கவும்.'

"ஆதாரம் கேப்பாங்களோ?" என்றான் கொம்பையா.

"கேக்காம? வாயால சொன்னா எவன் நம்புவான்" என்றான் ஞானதுரை.

"எங்கிட்ட ஒரு தோல்விக்கும் பேப்பர் இல்லையே டே."

"அப்ப புதுசா ஒண்ணு தோத்துட்டு வருவோம். சர்ட்டிபிகேட்டோட."

கொம்பையா லைசென்ஸ் எடுக்கப் போய், எட்டுப் போடச் சொன்ன இடத்தில் அதிகாரியின் நாற்காலியில் மோதிவிட்டு, வெற்றிகரமாகத் தோற்று வந்தான். ஞானதுரை இந்திப் பரீட்சை எழுதித் தோற்றான். எனக்கு டைப்ரைட்டிங். முயற்சி செய்யாமல் தோற்றால் அது தோல்வியாகாது என்று ஞானதுரை சொன்னதால், மூன்று மாதம் ஒருநாள் விடாமல் வகுப்புக்குப் போனேன். கடைசியில் முதல் வகுப்பில் தேறித் தொலைத்தேன்.

வேறு வழியில்லாமல் அதையே எழுதினேன்: 'தோற்பதற்காக மூன்று மாதம் பாடுபட்டேன், முடியவில்லை.' கோயம்புத்தூர் பிசினஸ் ஸ்கூலில் இதைப் படித்த மூன்று பேராசிரியர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். அந்த வருஷம் அவர்களுக்கும் ஆள் குறைச்சல் போலிருக்கிறது. எங்கள் மூவருக்குமே இடம் கொடுத்துவிட்டார்கள்.

மாசிலாமணி சாரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினோம். அவர் அழுதார். ஆபீசில் மிச்சமிருந்த கோமதியக்கா மட்டும் மூன்று பேர் கையிலும் ஒரு கடலை மிட்டாய் பாக்கெட்டைக் கொடுத்து, மெதுவாகவே வாங்க, அவசரமில்லை என்றாள்.

பிசினஸ் ஸ்கூலில் முதல் பாடம் அறிமுகம். தொழில் செய்கிறவர்கள் பத்துப் பேரைப் பார்த்துப் பேசிவிட்டு வரச் சொன்னார்கள். கொம்பையா பத்துப் பேரைப் பார்த்தான். அவன் பார்த்தானா என்று கேட்க அதே பத்துப் பேரை நான் பார்த்தேன். நான் கேட்டேனா என்று விசாரிக்க ஞானதுரை போனான். பத்தாவது ஆளான ஒரு மில் முதலாளி, நீங்கள் மூன்று பேரும் எதற்கு வருகிறீர்கள் என்பதை மட்டும் யாருமே சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டார். அப்படி வருத்தப்பட்டதற்கு ஞானதுரை அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

இரண்டு வருஷம் முடிந்து வேலைக்கு ஆள் எடுக்க வந்தார்கள். ஒரு பேங்க்கிலிருந்து வந்தவர் ஞானதுரையிடம், ஐந்து வருஷம் கழித்து நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டார்.

"அதுக்கு இன்னும் ரிக்கார்டு வரல சார். அஞ்சு வருஷம் கழிச்சு வந்து சொல்லுதேன்" என்றான் ஞானதுரை.

அவர்களும் அதற்குச் சம்மதித்தார்கள். பேங்க் ஆசை அத்தோடு முடிந்தது.

பிறகு ரேணுகாதேவி என்ற அம்மையார் வந்தார். சிறிய கன்சல்டிங் கம்பெனி வைத்திருந்தார். எங்கள் மூவரையும் மற்றவர்களோடு உட்காரவைத்து, கோயம்புத்தூரில் மொத்தம் எத்தனை குடை இருக்கும், தோராயமாகச் சொல்லுங்கள் என்றார். மற்ற மாணவர்கள் கூரையைப் பார்த்து ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தோராயத்துக்கு டிக் போட முடியாது. நாங்கள் எழுந்து குடையைப் பார்க்கக் கிளம்பினோம்.

பத்தொன்பதாவது நாள் அவருடைய ஆபீசுக்குப் போய், ஒரு தெரு முடிந்தது, இருநூற்றுப் பதினொரு குடை, ஒன்று மட்டும் தகராறில் இருக்கிறது, அது கட்டிக்கொடுத்துவிட்ட அக்காவுடையது என்கிறார்கள் அந்த வீட்டில், மற்ற தெருக்களுக்கு அவகாசம் வேண்டும் என்று சொன்னோம்.

ரேணுகாதேவி கண்ணாடியைக் கழற்றினார். "பதினொரு வருசமா இந்தக் கேள்வியக் கேக்கறேனுங்க. வெளிய போயி எண்ணிட்டு வந்தது நீங்க மட்டுந்தான்."

அது பாராட்டா என்று எங்களுக்குள் விவாதம் நடந்தது. பாராட்டு என்று இரண்டு டிக் விழுந்ததால் அப்படியே வைத்துக்கொண்டோம். அவர் ஒரு கடிதத்தை நீட்டினார். யாருமே எடுத்துக்கொள்ளாத வேலையாம் அது. இதை முடித்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் ஊருக்குப் போய்விட வேண்டியதுதான். மூன்று விஷயம் சொன்னார். கண்ட உண்மையை எழுதுங்கள். செய்யக்கூடிய யோசனையாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு ஓடிவராமல், அது நடந்து முடியும்வரை அங்கேயே இருங்கள்.

கடிதம் கோவில்பட்டி ஆடிட்டர் மாசிலாமணியிடமிருந்து வந்திருந்தது. 'எங்கள் ஆபீசில் இருந்த மூவர் போனபிறகு, ஒருநாள் வேலை மத்தியானத்துக்குள் முடிந்துவிடுகிறது. எங்கோ பெரிய தப்பு நடக்கிறது. கண்டுபிடித்துத் தரவும்.'

ரயிலேறிப் போனோம். சார் வாசலுக்கே வந்து கும்பிட்டார். கன்சல்டன்ட்களுக்கு உள்ள மரியாதை அப்படி. முறைப்படி விசாரணையைத் தொடங்கினேன்.

"போன அந்த மூணு பேரும் எப்படிப்பட்டவங்க சார்?"

மாசிலாமணி சார் எங்களை ரொம்ப நேரம் பார்த்தார். "நல்ல பயலுவ. உங்க சாடையாத்தான் இருப்பானுவ."

கொம்பையா அதை எழுதிக்கொண்டான்.

ஏழு வாரம் ஆராய்ந்தோம். கோமதியக்கா எங்களைக் கண்டுகொள்ளாமல் மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிட்டு, மல்லிகைப்பூ கட்டிக்கொண்டிருந்தாள். எழுதக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் உண்மையை எழுதச் சொல்லியிருந்தார்களே. 'மூவர் போனதால் வேலை வேகமானது' என்று எழுதினோம். நான் டிக் போட்டேன்.

அடுத்து யோசனை. மூன்று பேர் போனால் இவ்வளவு நன்மை என்றால், இன்னும் மூன்று பேர் போனால் இன்னும் நன்மை. இதில் யாருக்கும் சந்தேகமில்லை.

"போறதுக்கு இங்கன யாரு இருக்கா?" என்றாள் கோமதியக்கா, பூவிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் போனா வேலை நடக்காது. சார் போனா போர்டுல பேரு நிக்காது."

இது பெரிய சிக்கல். இரண்டு நாள் யோசித்தோம். கடைசியில் ஞானதுரைக்குத்தான் வழி புலப்பட்டது.

"ஆள் இல்லன்னா ஆள் எடுக்கணும். மூணு பேரைப் புதுசா வேலைக்குச் சேத்து, அப்புறம் அவங்க போகணும்."

மாசிலாமணி சார் எழுந்து நின்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படிப்பட்ட மூளைகளை முன்பே சந்திக்காமல் போனேனே என்று வருந்தினார். அன்றைக்கே விளம்பரம் கொடுத்தோம்: 'வேலையை விட்டுப் போக மூவர் தேவை. முன் அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை.' ஒரு மாதம் காத்திருந்தும் ஒருவர்கூட வரவில்லை. நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் என்பதெல்லாம் சும்மா.

யோசனை நடந்து முடிந்தால்தான் எங்கள் வேலை நிரந்தரம். வேறு வழியில்லாமல் நாங்களே விண்ணப்பித்தோம். சார் தனித்தனியாக இன்டர்வியூ வைத்தார்.

"வேலையை விட்ட அனுபவம் இருக்கா?"

"இருக்கு சார்" என்றேன். "இதே ஆபீசை விட்டுப் போயிருக்கேன்."

"எதுக்கு விட்டுட்டுப் போனீங்க?"

"முதல் பந்திக்கு, சார்."

அவருக்குத் திருப்தி. எங்களுடைய அதே மூன்று நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார்கள். சேர்ந்த முதல் நாளே ராஜினாமா வேலையைத் தொடங்கிவிட்டோம். இப்போதெல்லாம் ஆபீஸ் வேலை பழையபடி சாயந்தரம்வரை நடக்கிறது, பெரிய தப்பு ஒருவழியாகச் சரியானது என்று சார் நிம்மதியாக இருக்கிறார். கோமதியக்காவுக்குத்தான் பூ கட்ட நேரமில்லை.

ரேணுகாதேவி அம்மையார், எப்போது முடியும், தோராயமாகவாவது சொல்லுங்கள் என்று கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறார். தோராயமாக எதற்குச் சொல்ல வேண்டும்? வருகிற தையில் என் மச்சினன் கல்யாணம், அதற்குள் நான் கன்சல்டன்டாகப் போய் முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுவேன் என்று வீட்டில் உறுதியாகச் சொல்லிவிட்டேன். ராஜினாமாக் கடிதத்தைக் கொம்பையா எழுதி முடித்துவிட்டான். நானும் டிக் போட்டாயிற்று. அந்த டிக்கை ஞானதுரை பார்த்துக்கொண்டிருக்கிறான். போன வருஷம் ஆவணியில்தான் ஆரம்பித்தான்.