முத்துப்பேச்சியின் பூக்காசு

தாமிரபரணிக் கரை ஊரொன்றில் வண்டிக்காரன் சுடலைமுத்து மாடு வாங்கப் பண்ணையாரிடம் கடன்பட்டிருந்தான். வண்டிக்கூலியிலிருந்து வாரம் பத்து ரூபாய் கட்டுவதாக ஏற்பாடு. அவன் மனைவி முத்துப்பேச்சி பூ விற்று நாலு காசு பார்க்கத் தொடங்கியதும் பண்ணையாருக்குக் கண் உறுத்தியது. ஊர்க்கூட்டத்தில் அவனைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இனிமே வாரம் இருபது ரூபாய் கட்டணும். உன் பொண்டாட்டியும் சம்பாதிக்காள்லா?"

"அது அவ பாடுபட்ட காசு முதலாளி. அதுல மட்டும் கை வைக்காதிய" என்றான் சுடலைமுத்து.

கேட்டுக்கொண்டிருந்த முத்துப்பேச்சி முன்னால் வந்து கும்பிட்டாள்.

"முதலாளி, புருசன் கடனுக்குப் பொண்டாட்டி காசும் பொறுப்புன்னா, பொண்டாட்டி கடனுக்கு யாரு பொறுப்பு?"

"புருசன்தான்! ரெண்டு பேரும் ஒண்ணுதானே!" பண்ணையார் மீசையை முறுக்கிக்கொண்டார்.

"அப்பச் சரி. உங்க வீட்டம்மா ஆறு மாசமா என்கிட்ட மல்லிகைப்பூ கடனுக்கு வாங்குதாவ. போன வாரம் நான் கேட்டப்ப, 'அவ கடனை அவகிட்டக் கேளு'ன்னு விரட்டுனிய. இப்பக் குடுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பண்ணையாருக்கு முகம் கறுத்துவிட்டது.

"அவங்கவங்க கடன் அவங்கவங்களுக்குத்தான். பழையபடி பத்து ரூபாயே கட்டு" என்று துண்டை உதறிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்ததும் முத்துப்பேச்சி சுருக்குப்பையை அவிழ்த்து, பத்து ரூபாயைச் சுடலைமுத்துவின் கையில் வைத்தாள்.

"இதையும் சேத்துக் கட்டுங்க."

அவன் திகைத்துப் போனான். "குடுக்கதுக்கா ஊருக்கு முன்னால அம்புட்டு வாதாடுன?"

"அவரு கேட்டாரு, அதான் குடுக்கல. நீங்க கேக்கவே இல்லியே, அதான் குடுக்கேன்."